பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கிறவர் டச்சு கற்கலாமா? மதுரை மாலை வகுப்பு பற்றி ஒரு ரிவ்யூ

ஐந்துக்கு மூன்றரை. மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வந்தவர்கள் இதோடு கிளம்பலாம், மீதி மற்றவர்களுக்கு. மதுரைக்குள் இருக்கும் ஒரு கல்லூரியின் மொழித்துறை நடத்துகிற மாலை நேர டச்சுச் சான்றிதழ் வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்லூரிப் பெயரைப் போடவில்லை, ஆபீஸைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருப்பதால். நான் எம்.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ். பிரெஞ்சு, ஜெர்மன் என்றிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். டச்சு என்றதும் உசிலம்பட்டியில் எங்கள் தெருவே கேட்டது, "அதப் படிச்சு என்னத்தா செய்யப் போற?" என்று. கேள்வி நியாயமானதுதான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கட்டணம் 6,000 ரூபாய், தேர்வுக்குத் தனியாக 500. ஆறு மாதம், செவ்வாயும் வியாழனும் மாலை 5 முதல் 7 வரை. நோட்டீஸில் 'ஏ2 நிலை வரை' என்று போட்டிருக்கிறார்கள் (ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவில் ஏ1 அடிமட்டம், சி2 உச்சம்). உண்மையில் ஏ1 முழுசாக முடிகிறது, ஏ2-வில் பாதி வரை போகிறோம், அவ்வளவுதான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முடிவில் கிடைப்பது கல்லூரிச் சான்றிதழ் மட்டும். சிஎன்ஏவிடி என்று டச்சை அயல்மொழியாகப் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்க ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்வு வேறு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980-ல் ஒப்பந்தம் போட்டு அமைத்த மொழி ஒன்றியம் அதற்குப் பின்னால் இருக்கிறது, ஏ2-வில் தொடங்கி சி1 வரை போகும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே உண்டு. நோட்டீஸும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிற மாதிரி இல்லை.

வகுப்பில் மூன்று வகை ஆட்கள். நெதர்லாந்தில் ஐன்ட்ஹோவன் பக்கம் சிப் இயந்திரம் செய்கிற ஏஎஸ்எம்எல் மாதிரி கம்பெனிக்குப் போய்விட வேண்டும் என்று இருக்கிற இன்ஜினியரிங் பையன்கள், அங்கேயே குடியேறிவிட்ட மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கிற ஒரு அக்கா, அப்புறம் என்னைப் போல ஏதோ ஆர்வத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். இத்தனை பேரில் டச்சு கட்டாயம் தேவைப்பட்டது அந்த அக்காவுக்குத்தான். அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிட்ட கணவனோடு மனைவியோடு சேர்ந்து வாழப் போகிற இந்தியர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு அடிப்படைத் தேர்வு எழுத வேண்டும், ஏ1 நிலையில் பேச்சு, வாசிப்பு, கூடவே டச்சுச் சமூகத்தைப் பற்றிக் கேள்விகள். வேலை விசாவுக்கோ படிப்பு விசாவுக்கோ அது கிடையாது. அங்கே ஆங்கிலத்திலேயே நடக்கும் மாஸ்டர்ஸ் படிப்புகள் ஏராளம், லெய்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஆங்கிலவழியில் பொலிட்டிகல் சயின்ஸ் படிக்க டச்சில் ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம். ஆகவே அட்மிஷனுக்கு உதவும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

முதல் பாதி சலிப்பு. பாடப் புத்தகம் அங்கே போய்க் குடியேறுகிறவர்களுக்காகப் போட்டது, எல்லா உரையாடலும் ரொட்டிக் கடை, சைக்கிள் கடை, குடும்ப டாக்டர். அங்கே உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் அந்தக் குடும்ப டாக்டரிடம்தான் போக வேண்டுமாம், அவர் சீட்டுக் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். காது வலி வந்தால் நேரே காது டாக்டர் போர்டைத் தேடிப் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த அப்பாயின்ட்மென்ட் உரையாடலை ஒப்பிப்பது ஒரு தனி அனுபவம். சைக்கிள் பஞ்சரானதை எங்களால் இப்போது எல்லாக் காலத்திலும் சொல்ல முடியும். தேர்தல், சட்டம், கட்சி என்று மட்டும் ஒரு சொல் வராது. எங்கள் டிபார்ட்மென்டிலிருந்து என்னோடு சேர்ந்தவள் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வகுப்பைக் காப்பாற்றுவது சிலபஸ் இல்லை, மேம். யாழ்ப்பாணத்துக்காரர். போர்க் காலத்தில் சின்ன வயதிலேயே குடும்பத்தோடு நெதர்லாந்து போய், உத்ரெக்டில் படித்து வளர்ந்து, கல்யாணம் ஆகி மதுரைக்கு வந்தவர். வகுப்பில் டச்சு, ஆங்கிலம், யாழ்ப்பாணத் தமிழ் என்று மூன்று மொழி ஓடும், சில நாள் மூன்றாவதுதான் எங்களுக்குக் கஷ்டம். உச்சரிப்பு என்றாலே எல்லோரும் அந்தத் தொண்டைக் 'க'வைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள் இல்லையா, மேம் அதைக் கட்டாயமாக்கவே இல்லை. ஆம்ஸ்டர்டாம் பக்கம்தான் அவ்வளவு கரகரப்பு, தெற்கே பிராபன்ட், லிம்பர்க், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பக்கம் அதே எழுத்து மென்மையாக வருமாம். "மகன் எண்டு சொல்லேக்க ஒரு க வருதெல்லோ, அதை எடுங்கோ, கொஞ்சம் அழுத்துங்கோ, காணும்" என்றார். பெரிய தலைவலி அங்கேயே தீர்ந்தது. ஆனால் வீடு, வெங்காயம் என்று தினப்படிச் சொற்களில் எல்லாம் வருகிற ஒரு உயிரொலி இருக்கிறது, தமிழின் எந்த எழுத்திலும் அடங்காது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இலக்கணத்தில் தமிழ் ஆட்களுக்கு ஒரு சலுகை உண்டு, இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. 'என்று நினைக்கிறேன்', 'ஏனென்றால்' மாதிரி சேர்க்கிற துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். 'இக் டெங்க் தாட் ஹெய் மோர்கன் நார் மதுரை கோம்ட்' என்பதில் வருகிறான் என்பதுதான் கடைசிச் சொல். நாம் பேசுகிற வரிசைதான். ஆங்கிலம் வழியாக யோசித்தே பழகிய இன்ஜினியரிங் பையன்கள் இங்கே வரிசையாக விழுந்தார்கள், உசிலம்பட்டி அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த எனக்கு இது தானாக வந்தது. நமக்குச் சிக்கல் முதன்மை வாக்கியத்தில். அங்கே வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ' போடுவதா 'ஹெட்' போடுவதா என்பது இன்னொரு ரோதனை, பெரும்பாலும் மனப்பாடம்தான். மேம் ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தார்: ஒருமையில் சந்தேகம் வந்தால் கடைசியில் 'யே' விகுதி சேர்த்துப் பொருளைச் சின்னதாக்கிவிடு, சின்னதாக்கினால் எல்லாமே ஹெட். பன்மை என்றால் எல்லாமே டெ. தேர்வில் இது எத்தனையோ பேரைக் கரையேற்றியது.

நாலாவது மாதத்தில் மேம் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஜெராக்ஸ் தாள்களோடு வந்தார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் நான் ஐந்துக்கு ஐந்து போடுவேன். அந்தத் தாள்கள் ஸ்டெம்வெய்சர் என்கிற தேர்தல் கருவியிலிருந்து எடுத்தவை. 1989-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காகிதத்தில் தொடங்கி, இன்று நெதர்லாந்தில் தேர்தல் வந்தால் லட்சக்கணக்கானவர்கள் இணையத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். முப்பது கூற்றுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஏன்ஸ், ஒன்ஏன்ஸ், அதாவது உடன்படுகிறேன், உடன்படவில்லை, இல்லையென்றால் இரண்டும் இல்லை என்று அழுத்த வேண்டும், கடைசியில் எந்தக் கட்சி உங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும். மொழி படிக்க இதைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை. கூற்று ஒரே வாக்கியம், சுத்தமாக இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு கட்சியும் தன் காரணத்தைச் சில வரிகளில் சொல்லியிருக்கும், 'ஏனென்றால்' 'இருந்தாலும்' 'இல்லாவிட்டால்' எல்லாம் அங்கேதான் வந்து விழும். அந்த நாட்டு அரசியலும் தானாகப் புரியத் தொடங்கும். கீழவையில் 150 இடம், இடங்களைப் பங்கிடும்போது நாடு முழுக்க ஒரே கணக்கு, மொத்த ஓட்டில் 0.67 சதவீதம் வாங்கினால் ஒரு ஆள் உள்ளே. அதனால்தான் 2023 தேர்தலில் 15 கட்சிகள் உள்ளே போயின. விலங்குகளுக்கென்றே ஒரு கட்சிகூட இருக்கிறது, 2002-ல் ஆரம்பித்து 2006-ல் இரண்டு இடம் பிடித்தது.

விலங்குக் கட்சி பக்கத்தைப் படித்த அன்று வகுப்பு ரெண்டுபட்டது. அலங்காநல்லூர்ப் பையன் ஒருத்தன், அதுவரை பின் பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டு இருந்தவன், அடுத்த வகுப்புக்கு 'ஜல்லிக்கட்டைத் தடை செய்ய வேண்டும்' என்று தானே ஒரு கூற்று எழுதி, கீழே ஒன்ஏன்ஸ் போட்டு, காரணம் மட்டும் பக்கம் பக்கமாக டச்சில் எழுதிக்கொண்டு வந்தான். பாதிக்கு மேல் வினை இடம் மாறித்தான் இருந்தது. மேம் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசையும் சத்தமாக வாசித்துக் காட்டினார். அப்புறம்தான் அந்த வேலையைக் கொடுத்தார்: "பிள்ளையள், உங்கட ஊருக்கு ஒரு ஸ்டெம்வெய்சர் செய்யுங்கோ." சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளுக்குள் டூவீலரை விடக்கூடாது, வைகைக்குள் சாக்கடையைத் திறந்துவிட்டால் கட்டிடத்துக்கே சீல், மதுரைக்கு மெட்ரோவா இன்னும் நூறு டவுன் பஸ்ஸா என்று கூற்றுகள் எழுதிக் குவித்தோம். சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. கட்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகிற கூற்றாக இருந்தால்தான் அந்தக் கருவி வேலை செய்யும். நாங்களோ நம்மூர்க் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை வைத்துப் பார்த்தால் எல்லாக் கட்சியும் எல்லாவற்றுக்கும் ஏன்ஸ். வைகையைச் சுத்தம் செய்ய மாட்டோம் என்று சொல்லுகிற கட்சி எங்கே இருக்கிறது? கட்சிகளின் கொள்கை வேறுபாட்டைப் பற்றி இரண்டு செமஸ்டரில் நான் படிக்காதது அந்த ஒரு சாயங்காலத்தில் மண்டையில் ஏறியது.

இன்னொரு தாள் வாக்கு இயந்திரம் பற்றி. நெதர்லாந்து பல வருஷம் இயந்திரத்தில் ஓட்டுப் போட்ட நாடு. 2006-ல் ஒரு இயக்கம் அதற்குள் எப்படிப் புகுந்து விளையாடலாம் என்று டிவியில் செய்து காட்ட, 2008-ல் இயந்திரங்களைத் தூக்கிவிட்டுக் காகிதச் சீட்டுக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்பிவிட்டார்கள். நம்மூர் இயந்திரம் வேறு அமைப்பு, அதை வைத்து இதை எடை போட முடியாது. ஆனாலும் அந்த விவாதத்தை யாரோ சுருக்கி எழுதிய ஆங்கிலச் செய்தியில் படிக்காமல், அவர்கள் பேசிய மொழியில், தட்டுத் தடுமாறியாவது படித்தது எனக்குப் பெரிய விஷயம்.

தூண் அரசியல், அதாவது மதம், கொள்கை வாரியாக டச்சுச் சமூகமே தனித்தனித் தூண்களாகப் பிரிந்து வாழ்ந்தது, அதைப் பற்றி எம்.ஏ. சிலபஸில் அரைப் பக்கம் வரும். அரெண்ட் லெய்ப்ஹார்ட் என்கிற அரசியல் அறிஞர் பெயரைப் போட்டு, 'கூட்டிணைவு ஜனநாயகம்' (பிரிந்து கிடக்கும் குழுக்களின் தலைவர்கள் ஆட்சியைப் பகிர்ந்துகொள்வது) என்று ஐந்து மார்க் கேள்வி. இந்தியாவும் அந்த வகைதான் என்று அவர் 1996-ல் எழுதிய கட்டுரைக்காகத்தான் நாம் அவரைப் படிக்கிறோம். அந்த அரைப் பக்கத்துக்கு உயிர் வந்தது வகுப்பில்தான். கத்தோலிக்கர் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, கத்தோலிக்கப் பத்திரிகை வாங்கி, கேஆர்ஓ வானொலி கேட்டு, கத்தோலிக்கக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுச் செத்துப் போவார். புராட்டஸ்டன்ட்காரருக்கு என்சிஆர்வி, சோசலிஸ்டுக்கு வாரா. கட்சிக்கொரு டிவி சேனல் வைத்திருக்கிற தமிழ்நாட்டில் இதை விளக்கவே வேண்டாம், "ஓ, நம்ம மாதிரியா" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. மேம் விடவில்லை. "இஞ்ச சேனலை மாத்தலாம், வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். அங்க அந்தக் காலத்தில வானொலியை மாத்திறதெண்டா ஊரை விட்டுப் போற மாதிரி" என்றார். அறுபதுகளுக்குப் பிறகு அதெல்லாம் கரைந்துவிட்டது, இன்று கேஆர்ஓவும் என்சிஆர்வியும் ஒரே நிறுவனம்.

எனக்கு இந்த வகுப்பு கொடுத்ததிலேயே பெரியது லூவன் என்கிற பெல்ஜிய ஊரின் கதை. டச்சு என்றால் நெதர்லாந்து என்று மட்டும் நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் சேர்கிறோம், பெல்ஜியத்தில் பாதிக்கு மேல் டச்சு பேசுகிறவர்கள் என்பதையே வகுப்பில்தான் கேள்விப்படுகிறோம். 1960-களில் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருமொழிப் பல்கலைக்கழகம். ஊர் இருப்பது டச்சுப் பக்கம், ஆனால் பிரெஞ்சுப் பிரிவு அங்கேயே வேர் விட்டு வளர்ந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுதான் அந்த நாட்டில் ரொம்ப காலம் மேல்தட்டின் மொழி, கோர்ட்டும் உத்தியோகமும் அதில்தான், டச்சு பேசுகிறவன் பட்டிக்காட்டான். 1962, 63-ல் மொழி எல்லையைச் சட்டமாகப் போட்டார்கள். எல்லை போட்ட பிறகு பிரெஞ்சுப் பிரிவு ஏன் எங்கள் மண்ணில் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1968 பிப்ரவரியில் அந்தச் சண்டையில் மத்திய அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரித்தார்கள், பிரெஞ்சுப் பிரிவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வயல்வெளியில் புதிதாக ஒரு ஊரையே கட்டினார்கள். நூலகத்தைப் பிரித்த கதைதான் உச்சம்: அலமாரி எண் ஒற்றைப்படை ஒரு பக்கத்துக்கு, இரட்டைப்படை மறு பக்கத்துக்கு. ஒரே வரிசைப் பத்திரிகையின் தொகுதிகள்கூட இங்கே பாதி அங்கே பாதி ஆயின. அடுத்த பத்து வருஷத்தில் பெரிய கட்சிகள் எல்லாம் மொழிவாரியாக உடைந்தன.

இதை மதுரையில் உட்கார்ந்து படிக்கிறோம். 1965 ஜனவரி 25 அன்று, இந்தி ஒரே ஆட்சிமொழி ஆகவிருந்த நாளுக்கு முந்தின நாள், காங்கிரஸ் மாவட்ட அலுவலகத்துக்கு முன்னால் மாணவர் ஊர்வலத்தில் கைகலப்பு மூண்டு, அது மாநிலம் முழுக்கப் பரவிய ஊர் இது. 1967-ல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, இன்றுவரை திரும்பப் பிடிக்கவில்லை. மேம் இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னார், வருஷம், யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், அரசு என்ன செய்தது என்று, எல்லாம் டச்சில். பெல்ஜியம் நாட்டையே மொழிவாரியாகப் பிரித்துக் கூட்டாட்சி ஆனது. நம்மிடம் மாநிலங்கள் 1956-லேயே மொழிவாரியாக ஆகிவிட்டன, சண்டை மத்தியில் எந்த மொழி என்பதில்தான். ஒத்துப்போகிற இடத்தைவிட ஒத்துப்போகாத இந்த இடத்தில்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது, பியூன் வந்து லைட்டை அணைக்கிற வரைக்கும். என் டிசர்டேஷன் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது.

வரலாற்றுக்காரர்கள் கேட்பார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. டச்சுக்காரர்கள் 1658-ல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தவர்கள், மதுரை நாயக்கர்களோடு முத்துக்குளிப்புக்காக மல்லுக்கட்டியவர்கள், 1824 ஒப்பந்தத்தில்தான் இந்தியாவை விட்டுக் கொடுத்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக்கில் மட்டுமல்ல, சென்னை தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன, 2003-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. ஆனால் இந்த வகுப்பை முடித்த கையோடு அதைப் படித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்து, எழுத்துக்கூட்டலும் வேறு, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இலவசமாக மேய ஒரு நல்ல இடம் டெல்பர், டச்சு அரச நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பு. அதில் 'மதுரா' என்று தேடினால் மீனாட்சியம்மன் ஊர் வராது, ஜாவாவுக்குப் பக்கத்தில் இருக்கிற மதுரா தீவுதான் பக்கம் பக்கமாக வரும், மாட்டுப் பந்தயம் உட்பட. மாடு பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு அதுவும் சுவாரசியம்தான்.

இனி ஒன்றரை மார்க் எங்கே போனது என்று. ஆபீஸ். பணம் கட்டிய ரசீதைக் கேட்டால் அந்த சார் லீவு, சார் வந்தால் புக் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு முந்தின பேட்ச் சான்றிதழே நாங்கள் சேர்ந்த பிறகும் வரவில்லை, அவர்கள் வந்து கவுன்டரில் நின்றதை நாங்களே பார்த்தோம். வகுப்பறையை மாலையில் வேறு வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், எந்த ரூம் என்று தேடுவதிலேயே சில நாள் கால் மணி நேரம் போகும். புரொஜெக்டர் பெயருக்குத்தான், கேட்டல் பயிற்சியை மேம் தன் போனை மேஜையில் வைத்து ஓட்டுவார், பின்னால் இருக்கிறவர்களுக்கு ஃபேன் சத்தம்தான் கேட்கும். பேச்சுப் பயிற்சி ரொம்பக் குறைவு. வாசிப்பில் என்னால் ஒரு செய்தியை அகராதியோடு ஒப்பேற்ற முடியும், யாராவது டச்சுக்காரர் எதிரே வந்து நின்றால் சைக்கிள் பஞ்சரைப் பற்றித்தான் பேசுவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நான் மேலே புகழ்ந்த எதுவும் சிலபஸில் இல்லை. மேம் தன் கைக்காசில் ஜெராக்ஸ் எடுத்து வருவது. அவர் போய்விட்டால் ரொட்டிக் கடையும் குடும்ப டாக்டரும்தான் மிச்சம், அப்போது நான் இரண்டுக்கு மேல் போட மாட்டேன். ஆகவே சேரும் முன் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசியல், வரலாறு, சமூகவியல் மாணவர்கள் தாராளமாகச் சேரலாம். வேலைக்காக மட்டும் வருகிறவர்கள் பேச்சுப் பயிற்சி அதிகம் உள்ள ஆன்லைன் வகுப்பு பார்ப்பது நல்லது. சேர முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: என்ஓஎஸ் என்கிற டச்சுப் பொது ஒளிபரப்பு நிறுவனம் நடத்துகிற குழந்தைகள் செய்தி, 1981-லிருந்து வருகிறது, தினமும் இணையத்தில் பார்க்கலாம். தேர்தலையும் பட்ஜெட்டையும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்வார்கள், நமக்கு அதுதான் சரியான நிலை.

அடுத்த பேட்ச் ஜூலையில் என்கிறார்கள். புதுப் புத்தகம் வாங்காதீர்கள், சீனியர்களிடம் பழையது கிடைக்கும். ரசீதை அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆரப்பாளையத்தில் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதல் நாளே மேமிடம் சொல்லிவிட்டால் பத்து நிமிஷம் முன்னால் விட்டுவிடுவார்.